விசிறி போடக் கூடாத அறை

கத்திரி வெயில்.
கத்திவாக்கத்தில் எங்கள் ஒற்றை அறைக்குள்
மின்விசிறி போடக் கூடாது.
மேசை மேல் கண்ணாடி,
கண்ணாடிக்கு அடியில் ட்யூப்லைட்,
கண்ணாடிக்கு மேல் மனிதகுலம்.

சாம்பலால் ஆனது அது.
காசு கொடுத்து வாங்கியதில்லை.
அனல்மின் நிலையமே கொண்டுவந்து போடும்,
கொடியில் காயும் என் நைட்டி மேல்,
மூட மறந்த சோற்றுப் பானைக்குள்.
தேசிங்கு அதைக் கூட்டி அள்ளி
மாவுச் சல்லடையில் சலித்து
ஊறுகாய் பாட்டிலில் அடைத்து வைத்திருக்கிறான்.

நொடிக்குப் பன்னிரண்டு படம்.
நான்கு நிமிடத்துக்கு இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பது.
ஒரு குண்டூசி, ஒரு தூரிகை,
ஒரு பழைய கேமரா
(அதன் தவணை என் சம்பளத்தில்).
ஒரு காலை நூலளவு தள்ளுவான்.
கிளிக்.
மறு காலை.
கிளிக்.
ராத்திரி முழுக்க உழைத்தால்
மனிதகுலம் ஒன்றரை நொடி முன்னேறும்.

என்ன கதை என்று கேட்டேன்.
எல்லாரும் வரிசையில் போகிறார்கள்.
எங்கே?
அதுதான் படம்.
இடுப்பில் உருண்டையாக என்ன?
காலம்.
கடைசியில் என்ன ஆவார்கள்?
இன்னும் தெரியலை,
நீ மூச்சை அந்தப் பக்கம் விடு.

கன்டெய்னர் யார்டில் கேட்பாஸ் எழுதுகிறவள் நான்.
எட்டு மணி நேரம் வரிசையைப் பார்த்துவிட்டு வந்து
இங்கேயும் வரிசை.
அவர்களுக்குக் கீழே பாயை விரித்துப் படுப்பேன்,
வியர்வையில் முதுகு தரையோடு ஒட்ட.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சத்தில்
ஒரு தும்மல்.

ஒருத்தி போய்விட்டாள்.
அவன் திட்டவில்லை, அது இன்னும் மோசம்.
குனிந்தபடி வெகுநேரம் இருந்தான்.
பிறகு, அவள் நின்ற வெளிச்சத்தை அப்படியே விட்டு
பின்னால் வந்தவர்களை நடத்தினான்.
அந்த வெளிச்சமும்
கூடவே நடந்தது.

ஆடிக் கடைசியில்
நெட்டுக்குப்பம் வலைக்கூடத்தில் திரையிட்டோம்.
திரை, கஜபதி அண்ணனின் கண்ணீர் அஞ்சலி பேனர்,
திருப்பிக் கட்டியது.
பின்னால் தெருவிளக்கு எரியவே
அண்ணன் மீசையோடு மெல்ல வந்துவிட்டார்,
இடம் வலம் மாறி,
மொத்தக் கூட்டத்துக்கும் மேலே.
பதினேழு பேர், இரண்டு நாய்.
வரிசை சட்டத்தின் ஓரத்தைத் தாண்டிப் போனது.
அப்புறம் பத்து நொடி வெறும் வெள்ளை.
ஒரு படத்தையே நீட்டிப் போட்டிருக்கலாம்.
ஒன்றுமில்லாததை நூற்றிருபது முறை எடுத்திருந்தான்.

யாரும் பேசவில்லை.
மலர்க்கொடியக்காதான் கேட்டாள்:
"அப்ப லாரி வர்லியா?"
எந்த லாரி?
"இவ்ளோ நேரமா கொடத்தத் தூக்கினு போச்சுங்களே,
மெட்ரோ வாட்டர்."

எல்லாரும் சிரித்தார்கள்.
நானும்.
தேசிங்கு நோட்டை எடுத்து எதையோ எழுதிக்கொண்டான்.
முன்வரிசைப் பெண்பிள்ளை ஒன்று,
நடுவுல ஒரு ஆளக் காணோமே, அது யாரு என்றது.
அவன் என் பக்கம் திரும்பாமல் இருக்க
மிகவும் பாடுபட்டான்.

வீட்டுக்கு வந்து
ஏழு மாதம் கழித்து விசிறியைப் போட்டோம்.
றெக்கை மேல் படிந்ததெல்லாம் தலையில் கொட்டியது.
இருமினோம். துடைத்துக்கொள்ளவில்லை.
அப்படியே தூங்கிவிட்டோம்.

நாலரைக்கு லாரி ஹாரன்.
குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.
எனக்கும் எனக்கு முன்னால் நின்றவளுக்கும் நடுவே
ஒரு ஆள் நிற்கும் இடம் இருந்தது.
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன் போல.
பின்னாலிருந்து ஒரு குடம்
இடுப்பில் இடித்தது:
"எடத்த வுட்டுனு இன்னாத்துக்கு நிக்கிற,
முன்னாடி போ."

போனேன்.